முள் இறங்கிய நாள்

திட்டாதீர்கள் அக்கா. அந்த டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை. லைட் எரிந்ததும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார் பாருங்கள், அப்படித்தான் செய்ய வேண்டும். அது ஆயில் லைட். அது எரியும்போது ஓட்டினால் இன்ஜின் உள்ளேயே தன்னைத் தானே அரைத்துக்கொண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடுகிற மாதிரியே ஓடும்.

எனக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். போனில் அவர் சொல்லிச் சொல்லி இந்த ஆயில் பிரஷர் மட்டும் எனக்குத் தெரியும். லாரியில் வேறு எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

அந்தத் தாத்தா பேசுவதைக் கேட்டீர்களா? "ஒரு லைட்டு எரியுதுன்னு இத்தன பேர நடுரோட்டுல எறக்கி உட்டுட்டியே, எங்கூட்ல பட்டப்பகல்ல மூணு லைட்டு எரியுது, நான் என்ன ஊட்டையா இடிச்சுப் போட்டேன்?" என்கிறார். டிரைவரும் விடவில்லை. "உங்க ஊடு அறுவது ஸ்பீடுல போறதில்லீங்களே தாத்தா" என்கிறார். சிரிப்பு வருகிறது, இல்லையா.

இப்படி நிழலுக்கு வாருங்கள், பாப்பாவுக்கு வெயில் ஆகாது. டிப்போவிலிருந்து வேறு பஸ் அனுப்புகிறார்களாம், கண்டக்டர் சொன்னார்.

நான் யாரிடமும் இப்படிப் பேச மாட்டேன் அக்கா. எடப்பாடியில் ஏறினதிலிருந்து நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு வார்த்தை பேசினேனா? யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். "வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று எங்கள் அத்தை கேட்பார். அத்தை என்றால் மாமியார். இன்றைக்கு அந்த லைட்டைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது.

பொண்ணுதான். ஐந்து மாதம் முடிந்தது. பேர் இன்னும் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். ஏன் என்று கேட்டால் லாரியைச் சொல்ல வேண்டும். லாரியைச் சொன்னால் இவளைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

மார்கழியில் இவள் பிறந்தாள். நான் எங்கள் அம்மா வீட்டில் இருந்தேன். அவர் நாக்பூரில் ஜவ்வரிசி லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா போன் செய்து பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னார். அன்று சாயங்காலமே அவர் தன் அம்மாவுக்குப் போன் செய்து, "புள்ள பொறந்த சேதி வந்துச்சு, அந்நேரத்துக்கே வண்டில ஆயில் முள்ளு எறங்கிருச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். ஆயில் பிரஷர் காட்டுகிற மீட்டரின் முள். அவ்வளவுதான் சொன்னார். அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். ஜோசியரிடம் போனார். பிறந்த நேரம் தகப்பனுக்கு ஆகாது, நேருக்கு நேர் முகம் பார்க்கக் கூடாது, நல்லெண்ணெயில் பிள்ளையின் முகம் விழ அதில் பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்க்க வேண்டும் என்று அந்த ஜோசியர் சொல்லிவிட்டார்.

அது பரவாயில்லை. எங்கள் பக்கம் நிறைய வீட்டில் செய்வதுதான். தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி, பிள்ளையைப் பின்னாலிருந்து காட்டுவார்கள், தகப்பன் குனிந்து பார்ப்பான். ஒரு நிமிஷ வேலை. என் சித்தி மகனுக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். அவன் இப்போது ஆறாவது படிக்கிறான், தகப்பனும் நன்றாகத்தான் இருக்கிறார்.

ஆனால் அத்தை, "மொதல்ல வண்டி முள்ளு ஏறட்டும். முள்ளு எறங்கிக் கெடக்கறப்ப மொகத்தப் பாத்து, இன்னொண்ணு வந்து சேர்ந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். யார் பதில் சொல்வது? எங்கள் அப்பாவே சரி என்று தலையாட்டிவிட்டார். நான் எங்கே மாட்டேன் என்கிறது.

அதிலிருந்து முள் எங்கே நிற்கிறது என்பதுதான் இவளுக்கு ஜாதகம். தகப்பன் முகம் பார்க்காமல் பேரும் வைக்க முடியாது.

அவர் நல்லவர் அக்கா. தினமும் சாயங்காலம் போன் செய்துவிடுவார். ஒரு நாள் தவறியதில்லை. நான் எடுத்ததும், "இன்னிக்கு எவ்வளவுங்க?" என்றுதான் கேட்பேன். "காலைல ஸ்டார்ட் பண்றப்ப நாலு கிலோ காட்டுச்சு புள்ள. சூடானதும் அரைக்கு வந்துருச்சு. வண்டிய நிறுத்தி சும்மா ஓடவுட்டா முள்ளு படுத்துக்குது" என்பார். பிரஷரையும் கிலோவில்தான் சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்குக் காது அவ்வளவு கேட்காது. இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "மாப்ளைக்கு இந்த வயசுலயே பிரஷரா, உப்பக் கொறைக்கச் சொல்லு கண்ணு" என்றாள். அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். அன்றைக்கு மட்டும்தான் போனில் சிரித்தார்.

இவளைப் பற்றிக் கேட்க மாட்டார். கேட்கக் கூடாது என்று இல்லை, கூச்சம். போட்டோவும் பார்க்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன், முகம் வேண்டாம் என்று இவள் பாதத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். இந்தக் கட்டைவிரல் பாருங்கள், அப்படியே அவருடையது, நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். அவர் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு படம் அனுப்பினார். மீட்டர் படம். முள் அரையில் இருந்தது.

நான் அதை அழிக்கவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

முதலில் மீட்டர்தான் பொய் சொல்கிறது என்றார். "பழைய வண்டி, ஒயரு போயிருக்கும், இன்ஜின் நல்லாத்தான் இருக்குது" என்றார். வேறு மீட்டர் போட்டார். அதுவும் அதையேதான் காட்டியது. பிறகு ஆயில் தண்ணியாகிவிட்டது என்று யாரோ சொல்ல, கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றினார். ஊற்றினதும் முள் ஏறியது அக்கா. "ரெண்டுல நிக்குது புள்ள" என்று சொன்னார். நான் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு, இவளுக்குப் புதுச் சட்டை எடுத்து, மடித்துப் பையில் வைத்துக் காத்திருந்தேன். நாளைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று. அடுத்த டிரிப்பில் சுமையோடு மேடு ஏறும்போது மறுபடியும் இறங்கிவிட்டது. அந்தச் சட்டை இவளுக்குப் பத்தாமல் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பில்டர் மாற்றினார். அப்புறம் பம்பு என்றார். வழியில் எவனோ ஒரு மெக்கானிக், உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு வாஷர் வைத்தால் முள் ஏறிவிடும் என்று சொல்லியிருக்கிறான். இவர் அதைக் கேட்டுக்கொண்டு, சங்ககிரி பைபாஸில் பட்டறை வைத்திருக்கிற செங்கோடண்ணனிடம் போய் அப்படிச் செய்து கொடுங்கள் என்று நின்றிருக்கிறார். செங்கோடண்ணன் எங்கள் லாரிக்கு எப்போதும் வேலை பார்க்கிறவர். "முள்ளு ஏறோணும்னா நான் கையிலயே திருப்பி உடறேன் தம்பி. உனக்கு ஏறவேண்டியது முள்ளா, ஆயிலா?" என்று கேட்டாராம். இதையும் அவரே சொன்னார். அதற்குச் சிரிக்கவில்லை.

செங்கோடண்ணன் தனி மீட்டர் ஒன்றை இன்ஜினிலேயே நேராக மாட்டிப் பார்த்தார். வண்டி மீட்டர் சொன்னது நிஜம் என்று அதுவும் சொன்னது. இனி ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். எட்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலே ஓடின இன்ஜின். நாங்கள் வாங்கும்போதே அது பழைய வண்டி.

கழற்றுகிற அன்றைக்கு நான் போனேன் அக்கா. யாரும் கூப்பிடவில்லை. பாப்பாவுக்கு ஊசி போட வேண்டும், சங்ககிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். ஊசி எங்கள் ஊரிலேயே போட்டாயிற்று. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. எப்போதிருந்து என்று. எது கெட்டது, என்ன செலவு, அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எப்போதிருந்து கெட்டது என்று யாராவது சொன்னால் போதும். இவள் பிறக்கிறதுக்கு ஒரு நாள் முன்னால் என்று சொன்னாலும் போதும்.

பட்டறைக்கு எதிரில் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கேதான் நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. இவள் முகத்தைத் துண்டால் மூடியிருந்தேன். அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. கால் போதும் என்று நின்றுகொண்டிருந்தேன். செங்கோடண்ணன்தான் பார்த்துவிட்டார். "யாரு அம்மிணி அது? ஏ, நம்ம வீட்டுப்புள்ள. ஏன் சாமி வெயில்ல நிக்கற, உள்ள வா" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பேக்கரியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போகாமல் எப்படி இருப்பது.

அவர் அடியிலிருந்து வெளியே வரவில்லை. "வந்தியா" என்று மட்டும் கேட்டார். "ம்" என்றேன்.

ஆயிலைப் பெரிய தட்டு ஒன்றில் வடித்து வைத்திருந்தார்கள். நம் தாம்பாளம் மாதிரி மூன்று மடங்கு இருக்கும். கறுப்பென்றால் கறுப்பு. செங்கோடண்ணன் அதை இழுத்து வெயிலில் வைத்தார். "தம்பி, வா. வந்து பாரு. மினுக்கறது தெரியுதா?" என்று கூப்பிட்டார். உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் அந்தத் தூள் ஆயிலில் வந்துவிடுமாம், வெயிலில் வைத்தால் பொடிப்பொடியாக மினுங்குமாம். எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து அந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து குனிந்தார். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

நானும் குனிந்தேன் அக்கா. ஏன் குனிந்தேன் என்று கேட்காதீர்கள். குனிந்ததும் துண்டு நழுவியது. நழுவினது நழுவினதுதான், நான் இழுக்கவில்லை. பிடிக்கவும் இல்லை. அந்தக் கறுப்பு ஆயிலில் இவள் முகம் அப்படியே விழுந்தது. கண்ணாடியில் கூட அப்படித் தெரியாது. இவள் கண் கொட்டாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சும்மா பார்க்கிற நேரம் இல்லை அது, அதற்கு மேலே. அப்புறம், "பேரிங் போயிருச்சுண்ணா" என்று சொன்னார். எழுந்து கை துடைக்கப் போய்விட்டார்.

பார்த்தார்தானே? நீங்களே சொல்லுங்கள். ஆயிலைப் பார்க்கிறவன் முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பான்? மினுக்கம் அதே தட்டில்தான் இருந்தது, முகமும் அதே தட்டில்தான் இருந்தது.

இதை அவரே அத்தையிடம் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடைசியில் நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல, அம்மாதான் அத்தைக்குப் போன் செய்து சொன்னாள். அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "சாக்கடையாட்டம் இருக்கற கறுப்பு ஆயில்ல பாத்தா கணக்காகுமா? நல்லெண்ணெய்லதான் பாக்கோணும். கறுப்புல மூஞ்சியக் காட்டி என்ன வினைய இழுத்து உட்டாளோ" என்றார். நல்லதுக்குப் போய் அது ஒரு குற்றமாகிவிட்டது. இவரிடம் கேட்டால், "நான் மினுக்கத்தத்தான் பாத்தேன் புள்ள" என்றார். அவர் அம்மாவுக்குப் பயந்துகொண்டு அப்படிச் சொல்கிறார். அவருக்கும் என்னை மாதிரி வாய் வராது. அதனால்தான் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

செங்கோடண்ணனிடம் கேட்டேன். அதுதான் முக்கியம், அதை விட்டுவிட்டேன் பாருங்கள். தட்டைப் பார்த்த பிறகு தொட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்து பாதி வளையல் மாதிரி ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டினார். அதுதான் பேரிங்காம். மேலே வெள்ளைப் பூச்சு இருக்க வேண்டுமாம். அது தேய்ந்து அடியில் இருக்கிற செம்பு சிவப்பாகத் தெரிந்தது. அங்கே இடைவெளி விழுந்துவிட்டால் ஆயில் நிற்காமல் ஒழுகிவிடும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருப்பதால் பிரஷர் வரும், சூடாகி இளகினதும் இறங்கிவிடும். அதுதான் காலையில் நாலு, மத்தியானம் அரை.

"இது எப்பயிருந்துங்கண்ணா?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய பட்டறையில், ஆம்பளைகள் நடுவில், நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"எப்பயிருந்தா? அம்மிணி, செம்பு தெரியறதுன்னா இது நேத்து முந்தாநாள் சமாச்சாரம் இல்ல. கொஞ்சங்கொஞ்சமா, வருசக்கணக்குல தேஞ்சிருக்கும். போன மழைக்காலத்துலயே லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிருக்கோணுமே, என்றா தம்பி?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தண்ணிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சத்தத்தில் கேட்டிருக்காது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அக்கா. இன்ஜினே போய்விட்டது என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள், நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன். வருஷக்கணக்கில். இவள் வயிற்றிலேயே இல்லாதபோது.

அப்புறம் இவள் பாலுக்கு அழுதாள். "கேபின்ல ஏறி உக்காந்து குடு சாமி" என்று செங்கோடண்ணனே சொன்னார். ஏறினேன். அந்த கேபினில் நான் ஏறி ரொம்ப நாளாயிற்று. போன ஆயுத பூஜைக்குத்தான் கடைசியாக ஏறினது. ஏழாம் மாதம் எனக்கு, வயிறு இடிக்கும், அவர்தான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். வண்டி முழுக்கக் கழுவிப் பட்டையிட்டு, ஸ்டியரிங், கியர், மீட்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பொட்டு. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் கறுப்பு டேப்பு ஒட்டியிருந்தது. அதையும் விடுவானேன் என்று அதன் மேலும் ஒரு பொட்டு வைத்தேன்.

அன்றைக்குப் பால் கொடுக்கும்போது பார்த்தேன், மற்றதெல்லாம் துடைத்துப் போய்விட்டது, அந்த டேப்பு மேலே வைத்தது மட்டும் காய்ந்து அப்படியே இருக்கிறது. என் விரல் ரேகை கூடத் தெரிந்தது. இவள் கையை எடுத்து அதைத் தொட வைத்தேன். அப்பா வண்டி, அம்மா வைத்த பொட்டு என்று சொல்லிக்கொடுத்தேன்.

டேப்பா? ஆமாம் அக்கா, ஆயில் லைட் இருக்கிற இடம்தான். செங்கோடண்ணன் பிறகு ஏறி வந்து காட்டினார், இங்கேதான் லைட் எரியும் என்று. எங்கள் வீட்டுக்காரர் ஏன் ஒட்டினார் என்றால், ராத்திரி ஓட்டும்போது கண் கூசும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நான் கேட்கவில்லை.

எப்போது ஒட்டினதா? பூஜைக்கு முன்னால்தான். அதன் மேல்தானே பொட்டு வைத்தேன். இவள் மார்கழியில் பிறந்தாள். பூஜை புரட்டாசியில்.

ஏன் அக்கா இப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, சொல்லுங்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

கண் கூசினால் ஒட்ட மாட்டார்களா?

எனக்குத் தெரியவில்லை. நான் என்ன வண்டி ஓட்டுகிறவளா. இருங்கள், இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அழ மாட்டாள், புது ஆளிடமும் போவாள். ஒரு நிமிஷம். அந்த டிரைவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தாத்தாவும் போய்விட்டார். கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன். அழுதாளா? கொடுங்கள். இல்லை, நீங்களே வைத்திருங்கள் கொஞ்ச நேரம். முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேட்டேன். "அண்ணா, அந்த ஆயில் லைட்டு ராத்திரில கண்ணு கூசுமுங்களா?" என்றுதான் கேட்டேன். அவர் சிரித்தார். "அதென்ன ஹெட்லைட்டா கூசறதுக்கு? கடுகத்தண்டி இருக்கும்மா. அதுவும் எல்லா நேரமும் எரியாது. பிரஷர் எறங்குனாத்தான் எரியும்" என்றார். அப்புறம் நான், "அதுமேல டேப்பு ஒட்டி ஓட்டுவாங்களா?" என்று கேட்டேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஓட்டறவன் ஓட்டுவான். இன்ஜினப் பிரிச்சா வண்டி மாசக்கணக்குல நிக்கும், லோடு போயிரும்னு ஒட்டிட்டு ஓட்டுவான். ஆனா ஒண்ணும்மா, எரியாத லைட்டுக்கு எவன் டேப்பு ஒட்டறான்? எரியறதப் பாத்தவன்தான் ஒட்டுவான்" என்றார்.

உங்கள் வண்டியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பார்த்திருக்கிறார். பூஜைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். அன்றைக்கு என்னைத் தூக்கி கேபினில் ஏற்றும்போதே அவருக்குத் தெரியும். நான் அதன் மேல் பொட்டு வைக்கும்போது பக்கத்தில் நின்று, "அங்கயும் ஒண்ணு வெச்சுட்டியா" என்று சொன்னார். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்படித்தான் சொன்னார்.

அவர் அம்மாவிடம் திட்டு வாங்கக் கூடாது என்று இருந்திருக்கும். தெரிந்தும் ஏன் ஓட்டினாய் என்று கேட்பார். செங்கோடண்ணனும் கேட்பார். அதற்காக, அன்றைக்குத்தான் இறங்கியது என்று சொல்லியிருப்பார். சொல்லும்போது அது இவள் மேல் வந்து விழும் என்று நினைத்திருக்க மாட்டார். விழுந்த பிறகு? விழுந்த பிறகு ஐந்து மாதம் இருந்ததே அக்கா. தினமும் போன் பேசினாரே. ஒரு வார்த்தை, அம்மா, அது முன்னாடியிருந்தே இருக்குது என்று ஒரு வார்த்தை. நான் முள் எவ்வளவு, முள் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, பைத்தியம் மாதிரி. சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாரே.

இல்லை, அழவில்லை. கண்ணில் தூசி. பஸ் வருகிறதா என்று பாருங்கள்.

இன்றைக்கு இன்ஜினை மாட்டி ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். பேரிங் எல்லாம் புதிது. நேற்றுச் சொன்னார். நான் வருவது அவருக்குத் தெரியாது. அந்தப் பேக்கரிக்கிட்டேயே நிற்கலாம் என்று கிளம்பினேன். முள் ஏறி நின்றுவிட்டது என்று போன் வந்ததும் ரோட்டைத் தாண்டிப் போகலாம், பையில் நல்லெண்ணெயும் தாம்பாளமும் இருக்கிறது, அங்கேயே காட்டிவிடலாம் என்று. அதற்குத்தான் இவளைக் குளிப்பாட்டி மை வைத்துக் கொண்டுவந்தேன்.

அதோ, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு பஸ்ஸும் வருகிறது பாருங்கள். எடப்பாடி போகிறதும் நிற்கிறது. அதில் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் அம்மா வீடு. ஏறிவிடலாம் என்றும் இருக்கிறது. ஏறிவிட்டால் சாயங்காலம் போன் வரும். நானும் எடுத்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

இல்லை அக்கா. நான் உங்களோடுதான் வருகிறேன், சங்ககிரிக்கு. பேக்கரியில் நிற்கப்போவதில்லை. உள்ளே போய்விட வேண்டும். செங்கோடண்ணனும் இருப்பார், வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள், இருக்கட்டும். துண்டு வேண்டாம். இவளை அவர் கையில் கொடுத்துவிட்டு, எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான். வேறு ஒன்றும் கேட்க எனக்கு வராது. அவர் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மாதமாகப் போனிலேயே பேசிவிட்டேன், பட்டறைக்குப் போன அன்றைக்கும் தட்டைத்தான் பார்த்தோம், நேராக முகத்தைப் பார்க்கவில்லை.

கொடுங்கள் பாப்பாவை. நீங்கள் முன்னால் ஏறி இடம் பிடியுங்கள். அந்தப் பை என்னுடையதுதான், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எனக்கு இரண்டு கையும் வேண்டும்.